பென்டெல் பாக்கெட் பிரஷ் பேனா: பல வருடம் வரைந்த பிறகு

பத்திரிகைகளுக்கும் சிறுவர் புத்தகங்களுக்கும் விழிப்புணர்வுப் போஸ்டர்களுக்கும் ஃப்ரீலான்ஸாக கார்ட்டூன் வரைகிறேன். கோட்டு வேலை முழுக்க ஜப்பானின் பென்டெல் நிறுவனம் தயாரிக்கும் பாக்கெட் பிரஷ் பேனாவில்தான். பேனாவை வாங்கிய வாரத்தில் எழுதிய விமர்சனங்கள் நிறையக் கிடைக்கின்றன. வருடக்கணக்கில் அதையே பிழைப்புக்குப் பிடித்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத்தான் இது. என் வேலைமுறையே இந்தப் பேனாவைச் சுற்றி அமைந்துவிட்டதால் இரண்டையும் பிரித்துப் பேச முடியாது.

பேனா என்று பெயர் இருந்தாலும் முனையில் இருப்பது அசல் தூரிகை. ஸ்கெட்ச் பேனா மாதிரி பஞ்சுமுனை கிடையாது. தனித்தனியான செயற்கை இழைகள், கூராகக் குவிந்திருக்கும். உள்ளே மை கார்ட்ரிட்ஜ். கறுப்பு நிறமி மை என்பதால் நன்றாகக் காய்ந்தபின் மேலே வாட்டர்கலர் பூசினாலும் கரையாது. லேசாகத் தொட்டால் மயிரிழைக் கோடு, அழுத்தினால் பட்டைக் கோடு. கையை எடுக்காமலே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம்.

இந்த மெலிவு தடிப்பு மீது எனக்கு ஆசை வரக் காரணம் கார்ட்டூனிஸ்ட் கோபுலு. 1924-ல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து, மூத்த கார்ட்டூனிஸ்ட் மாலியின் வழிகாட்டலில் ஆனந்த விகடனில் வளர்ந்தவர். அவர் வரைந்த ஆள் முதுகைக் காட்டி நின்றாலும் கோபமா, கூச்சமா என்று தெரிந்துவிடும். தோள் சாய்வும் வேட்டி மடிப்பும் போதும் அவருக்கு. பழைய இதழ்களை வைத்துக்கொண்டு அவர் கோடு எங்கே தடிக்கிறது என்று மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். துணி உடம்பில் அழுந்தும் இடத்தில் தடிக்கும், காற்றில் விலகும் இடத்தில் மெலியும். ஒரே தடிமனில் ஓடும் பேனாவில் இந்தப் பாடத்தைப் பழக முடியாது.

அடுத்தவர் ஆர்.கே. லக்ஷ்மண். அவருக்குக் காகம் என்றால் அவ்வளவு பிரியம்; தன் அரசியல் கார்ட்டூன்களுக்கு அப்பால் காகங்களைத் தொடர்ந்து வரைந்தார். காலையில் வேலை தொடங்கும் முன் நானும் ஜன்னல் கம்பியில் வந்து உட்காரும் காகங்களைத்தான் வரைகிறேன். இந்தப் பேனாவுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. உடம்புக்கு முழு அழுத்தம், காலுக்கு நுனி மட்டும், இறக்கைக்கு மை வற்றிய சொரசொரப்பு. எல்லாம் ஒரு பறவைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

யோசனை விஷயத்தில் என் முறை எளிது. தலைப்பு வந்ததும் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் போட்டு, கையில் கிடைத்த பால்பாயின்ட் பேனாவில் கிறுக்குவேன். முதல் இரண்டு மூன்று யோசனைகளை ஒதுக்கிவிடுவேன். குடிநீர்ப் பஞ்சம் என்றால் எல்லோர் மனதிலும் முதலில் வருவது காலிக் குடத்தோடு வரிசைதான். அந்த வரிசையில் நிற்கிறவர்களில் ஒருவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்க்கத் தொடங்கினால்தான் கார்ட்டூன் பிறக்கும். இடம் பிடிக்க வைத்த செருப்பு, குடத்தின் மேலேயே வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை. இவை பேருந்து நிலையத்திலும் டீக்கடையிலும் பார்த்துக் குறித்துவைத்த ஸ்கெட்ச் நோட்டிலிருந்து வருபவை. நோட்டு இல்லாமல் நான் வெளியே போவதில்லை.

தேர்ந்த கட்டத்தைப் பெரிதாக்கி, வெளிர்நீலப் பென்சிலில் வரைந்து ஒப்புதலுக்கு அனுப்புவேன். மை ஏற்றிய பிறகு திருத்தம் கேட்டால் முதலிலிருந்து வரைய வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுவது நல்லது. நீலப் பென்சிலுக்கு ஒரு காரணம் உண்டு. சாதாரணப் பென்சிலை ரப்பரால் அழிக்கும்போது மேலே உள்ள கறுப்பும் மங்கும். நீலக் கோட்டை அழிக்கவே வேண்டாம். கலரில் ஸ்கேன் செய்து நீலச் சேனலை (படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பதிவுகளில் நீலத்தை) மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தக் கோடு வெள்ளைத்தாளோடு கலந்து மறைந்துவிடும், கறுப்பு மட்டும் நிற்கும்.

600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன், அப்புறம் கிரிட்டா. படம் வரையும் இலவச மென்பொருள்தான், சிஎம்ஒய்கே என்னும் அச்சுக்கான நான்கு மை வண்ணத்திலும் வேலை செய்யலாம். வெள்ளையை நீக்கிக் கோட்டைத் தனி லேயராக்கி (தனி அடுக்காக்கி), அடியில் நிறம் நிரப்புவேன். அச்சுக்குப் போகும் படத்தில் கோடு கறுப்பு மையில் மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். நான்கு மையும் சேர்ந்த கறுப்பாக இருந்தால், அச்சில் ஒவ்வொரு மைக்கும் உள்ள தகடு இம்மி விலகினாலும் கோட்டோரத்தில் நிறநிழல் தெரியும். செய்தித்தாள் மை உறிஞ்சும். அதனால் கோடுகளுக்கு இடையே ரொம்பச் சின்ன இடைவெளி வராதபடி வரையும்போதே பார்த்துக்கொள்வேன். இல்லையென்றால் அச்சில் அடைத்துப்போகும்.

சரி, பேனாவில் சிரமம் எங்கே? வழவழப்பான தாளில் மை காய நேரம் எடுக்கும். இடதுகைக்காரர்கள் கைக்கு அடியில் ஒரு தாள் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். மலிவான நோட்டுத் தாளில் கோடு ஓரம் பிசிறும். 150 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 150 கிராம் எடை) மேல் உள்ள, வரைவதற்கான கார்ட்ரிட்ஜ் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். இரவுக்காட்சி மாதிரி பெரிய கறுப்புப் பரப்பை இதிலேயே நிரப்பினால் மை சீக்கிரம் தீரும். அதற்கு நான் பாட்டில் இந்தியன் இங்க்கும் தட்டைத் தூரிகையும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த இங்க்கை இந்தப் பேனாவுக்குள் ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள பசைப்பொருள் காய்ந்து உள்ளே அடைத்துக்கொள்ளும். நாளாக ஆக முனையின் கூர்மையும் குறையும். நான் பழைய பேனாவைத் தூக்கிப் போடுவதில்லை. மரப்பட்டை, கம்பளி, தாடிக்கெல்லாம் தேய்ந்த முனைதான் அருமையாக வரும்.

டேப்லெட்டில் வரைந்தால் தவறான கோட்டை உடனே அழிக்கலாம், வேகமும் அதிகம். அவசர வேலைக்கு நானும் அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் கூட்டமான திருவிழாக் காட்சியைத் தாளில் வரையும்போது கை தயங்குவதில்லை. அழிக்க முடியாது என்று தெரிந்ததால் ஒவ்வொரு முகத்தையும் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறேன். புதிதாக வாங்குபவர்கள் முதல் சில மாதங்கள் எந்த வேலைக்கும் இதைப் பயன்படுத்தாமல் ஸ்கெட்ச் நோட்டில் மட்டும் ஓட்டுங்கள். விரலால் பிடித்து எழுதாமல், தோளிலிருந்து கையை அசைத்து நீளக்கோடு இழுக்கப் பழகுங்கள். அது வந்துவிட்டால் சின்னக் கோடுகள் தானாக வரும்.