பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: கறுத்த திரை, காணாமல் போன வைஃபை, தமிழ்99

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் எல்லாம் என் பழைய லேப்டாப்பில் கிடையாது. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், அவ்வளவுதான். அதில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டு இப்போது தினமும் அதில்தான் வேலை பார்க்கிறேன். பழைய லேப்டாப் வைத்திருக்கும் யாருக்கும் தயங்காமல் சொல்வேன், போடுங்கள். ஆனால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிறுவுவதற்கு அரை மணி போதும், வன்பொருளை வழிக்குக் கொண்டுவருவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

முதல் தொல்லை திரை. பென்டிரைவிலிருந்து பூட் செய்ததும் மின்டின் சின்னம் வந்தது, உடனே திரை கறுத்துவிட்டது, பென்டிரைவின் விளக்கு மட்டும் மின்னிக்கொண்டே இருந்தது. இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள பழைய லேப்டாப்களில் இது சகஜம். பூட் மெனுவிலேயே கம்பேட்டிபிலிட்டி மோட் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் திரை வந்துவிடும். நிறுவி முடித்த பிறகு முதல் பூட்டிலும் இதே கதைதான்: கிரப் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) மெனுவில் 'இ' (e) எழுத்தை அழுத்தி, 'குவைட் ஸ்பிளாஷ்' (quiet splash) என்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 'நோமோட்செட்' (nomodeset) என்று சேர்த்து எஃப்10 அழுத்த வேண்டும். இது தற்காலிக வழிதான், அப்படியே விட்டால் வீடியோ திக்கித் திணறும். என் லேப்டாப்பின் பயாஸில் (வன்பொருளின் அடிப்படை அமைப்புத் திரை) தனி கிராபிக்ஸை அணைக்க வசதி இருந்தது. அணைத்துவிட்டு இன்டெலின் உள் கிராபிக்ஸிலேயே ஓட்டுகிறேன், அதன்பின் பிரச்சினையே இல்லை.

அப்புறம் வைஃபை. பட்டியலில் ஒரு நெட்வொர்க்கும் தெரியவில்லை. சில பழைய வைஃபை சிப்களுக்கு நிறுவனத்தின் மூடிய டிரைவர்தான் உண்டு, அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொள்கிற இடம் இது. இங்கேதான் மின்டை மனதாரப் பாராட்டுகிறேன். டிரைவர் மேனேஜரைத் திறந்தால், இணையம் இல்லாவிட்டாலும், நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவைச் செருகச் சொல்லி அதிலிருந்தே டிரைவரை எடுத்துக்கொள்ளும். அதிலும் கிடைக்காத சிப் என்றால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கைப் போடுங்கள், எந்த அமைப்பும் செய்யாமலே இணையம் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அதற்கான சாவியைப் பதிவு செய்யாதவரை, நிறுவிய டிரைவரைக்கூடக் கெர்னல் ஏற்றாது. பழைய லேப்டாப்பில் அதை அணைத்துவிடுவதே எளிது.

வேகத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது. ஹார்டுடிஸ்க்கைக் கழற்றிவிட்டு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால் இன்னும் பெரிய வித்தியாசம் தெரியும். பிரவுசரில் நிறைய டேப் திறந்தால் மட்டும் 4 ஜிபி போதாது.

தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ் (ibus) என்ற உள்ளீட்டு மென்பொருளும் அதன் எம்17என் (m17n) தொகுப்பும் நிறுவினால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு ஆகிய விசைப்பலகை முறைகள் எல்லாமே இருக்கின்றன. நான் தமிழ்99-இல் தட்டுகிறேன், லிப்ரேஆபிஸில் கூட்டெழுத்துகள் சிதறாமல் சரியாக வருகின்றன.

சரியாகாத ஒன்று உறக்க நிலை. மூடியை மூடித் திறந்தால் சில நேரம் கறுப்புத் திரையிலேயே நின்றுவிடுகிறது. பவர் மேனேஜரில், மூடியை மூடினால் திரையை மட்டும் பூட்டும்படி மாற்றிவைத்திருக்கிறேன், பேட்டரி கொஞ்சம் கூடுதலாகத்தான் போகிறது. உங்கள் லேப்டாப்பில் எப்படி என்று பென்டிரைவிலிருந்து ஓட்டும்போதே வைஃபை, ஒலி, கேமரா, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பொத்தான், மூடி எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, பிடித்திருந்தால் மட்டும் நிறுவுங்கள். 32 பிட் சிபியு உள்ள இன்னும் பழைய லேப்டாப் என்றால் மின்ட் 22 அதில் ஓடாது.