பிறப்புச் சான்றிதழா, பாஸ்போர்ட்டா: குடியுரிமைச் சான்று எளியோருக்கு எட்டும் வழி எது?

பீகாரில் 2025 ஜூன் இறுதியில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, தேர்தல் ஆணையம் ஏற்பதாக அறிவித்த 11 ஆவணங்களில், பெரும்பாலானோர் கையில் இருக்கும் ஆதார் இடம்பெறவில்லை. செப்டம்பரில் அதை 12ஆவது ஆவணமாகச் சேர்க்கச் சொன்ன உச்ச நீதிமன்றமும், அது அடையாளச் சான்றே தவிர குடியுரிமைச் சான்று அன்று எனத் தெளிவுபடுத்தியது. அப்படியானால் கூலிக்குச் செல்லும் ஒருவர் எந்த ஆவணத்தை நம்பலாம்? நடைமுறையில் எஞ்சுபவை பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும்தான்.

கட்டணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை. பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் சான்றிதழ் இலவசம். பெரியவர் ஒருவருக்கு 36 பக்க பாஸ்போர்ட் 1,500 ரூபாய். வயது வந்த நால்வர் உள்ள வீட்டுக்கு 6,000 ரூபாய். அதுவும் பத்தாண்டுகளில் காலாவதியாகும். பிறப்புச் சான்றிதழுக்குக் காலாவதி என்பதே கிடையாது.

ஆனால் இந்தக் கணக்கு பிறந்தவுடன் பதிவு செய்யப்பட்டவர்களுக்கே பொருந்தும். 1970களில் வீட்டில் பிறந்து, பதிவே செய்யப்படாத ஒரு பெண்மணி இன்று சான்றிதழ் கேட்டால், பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்கு முதலில் ஒரு சான்று வாங்க வேண்டும். பிறகு விஏஓ, வட்டாட்சியர் அலுவலகம் என விசாரணை நடந்து, கோட்டாட்சியரின் ஆணை வர வேண்டும். ஓராண்டு கடந்த பிறப்புகளுக்கு முன்பு நீதித்துறை நடுவரின் ஆணை தேவைப்பட்ட நிலையை 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மாற்றி, வருவாய்த் துறை அளவிலேயே முடிக்க வழி செய்தது நல்ல மாற்றம்தான். தாமதக் கட்டணமும் பெரிதில்லை. ஆனால் ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போவதுதான் உண்மையான விலை.

விந்தை என்னவென்றால், இத்தகையோருக்கு பாஸ்போர்ட்தான் சில நேரங்களில் விரைவாகக் கிடைக்கிறது. 2023 அக்டோபர் 1க்கு முன் பிறந்தவர்கள் பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழையோ பான் அட்டையையோ காட்டலாம். 2017 முதல் அஞ்சலகங்களிலும் சேவை மையங்கள் திறக்கப்பட்டதால் தொலைவும் ஓரளவு குறைந்திருக்கிறது. ஆயினும் தலைப்பெழுத்தைப் பாஸ்போர்ட் ஏற்பதில்லை. அதை விரித்துத் தந்தை பெயராக எழுதும்போது, ஆதாரில் ஒரு விதமாகவும் மாற்றுச் சான்றிதழில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்துகள் இருந்தால், முதலில் அதைத் திருத்தத்தான் அலைய வேண்டியிருக்கிறது.

சட்ட வலிமையில் வயதே முடிவு செய்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர், மிகச் சில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமகன். அவருக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் நிபந்தனை இன்னும் கடுமையானது. பெற்றோரின் குடியுரிமையைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் நிறுவுவதில்லை. குடிமகன் அல்லாதவரின் விண்ணப்பத்தை மறுக்க வேண்டும் என 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டமே கூறுவதால், இளையோருக்குத் தனி ஆவணமாக பாஸ்போர்ட் வலுவானது. சான்றிதழ் மட்டுமே போதுமான தலைமுறைதான் அது இல்லாமல் தவிக்கும் தலைமுறையும் என்பது வேதனைக்குரியது.

ஆவணச் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதை அசாம் காட்டியது. 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டனர். பள்ளிக்குச் செல்லாமல் மணமாகி வேறு ஊர் சென்ற பெண்கள், தந்தையோடு தம்மை இணைக்கும் தாளுக்கு ஊராட்சிச் செயலர் தரும் சான்றையே நம்ப வேண்டியிருந்தது.

பாஸ்போர்ட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதைவிட, தாமதப் பிறப்புப் பதிவை ஊருக்கே கொண்டுவருவதில் அரசு பணத்தைச் செலவிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. வாக்காளர் படிவத்தை வீடு வீடாகக் கொண்டுசெல்ல முடிகிற அரசால், விசாரணை முகாமை ஊராட்சி அலுவலகத்தில் நடத்தி, கட்டணமின்றி அங்கேயே ஆணை வழங்கவும் முடியும். அதில் 1987க்கு முன் பிறந்த பெண்களுக்கே முதலிடம் தர வேண்டும்: 1975இல் பிறந்த தாய்க்குக் கிடைக்கும் அந்த ஒரு தாள், அவருடைய குடியுரிமைக்கு முழுச் சான்றாவதோடு, அவர் பிள்ளைகள் காட்ட வேண்டிய சங்கிலியின் முதல் கண்ணியாகவும் அமைகிறது.