பொவண்டோவோடு 25 வருஷம்: நாக்கு ஒன்று கேட்கும், ஃப்ரிட்ஜ் ஒன்று கொடுக்கும்

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். கல்லூரிக் காலத்தில் ஆரம்பித்த பழக்கம், ஏறக்குறைய 25 வருஷமாக, காளிமார்க் கம்பெனியின் குளிர்பானமான பொவண்டோ குடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ (பர்மா நூடுல்ஸ்), காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரம் வறுவல் என்று எது சாப்பிட்டாலும் பின்னாலேயே அது வந்தாக வேண்டும்.

முதலில் ருசி. இதைக் கோலா என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். மூடியைத் திறந்ததும் திராட்சை வாசனை வரும். இனிப்பு தூக்கல்தான், ஆனால் கடைசியில் லேசான புளிப்பு நிற்கும். கோலாக்கள் மாதிரி காஸ் மூக்கில் ஏறி அடிக்காது. பிரியாணிக்கு அப்புறம் வர வேண்டிய ஏப்பம் மட்டும் தவறாமல் வரும். எங்கள் தெருவில் ஒரு கலர் பானத்துக்கு மார்க் போடுவதே அந்த ஏப்பத்தை வைத்துத்தான்.

கண்ணாடி பாட்டிலில் குடித்தவர்களுக்கு பிளாஸ்டிக் பாட்டில் ஒரு படி கீழேதான். இது வெறும் பழைய நினைப்பு இல்லை. பிளாஸ்டிக் வழியாக காஸ் மெல்ல மெல்லக் கசியும், பாட்டில் சிறிதாக இருந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். அதனால் குட்டி பாட்டில் வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருப்பதைத் தொடவே தொடாதீர்கள்.

கோலி சோடாவையும் விட முடியவில்லை. 1870களில் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த பாட்டில் அது. உள்ளே இருக்கும் காஸே கோலியைக் கழுத்து ரப்பரோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், தனியாக மூடி வேண்டாம். (வட சென்னை என்றாலே சோடா பாட்டில் வீசுகிறவர்கள் என்று சினிமாக்காரர்கள் பிழைப்பு நடத்துகிறார்கள். எங்களுக்குப் பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் கடைக்காரர் விடமாட்டார், இதில் எங்கே வீசுவது?)

சரி, சொல்ல வந்ததுக்கு வருகிறேன். இத்தனை வருஷத்தில் நான் பொவண்டோ குடிக்காமல் இருந்த நாட்களில் பாதி, அது பிடிக்காததால் இல்லை, கிடைக்காததால்.

எங்கள் முனையில் அண்ணாச்சி கடை. ஒரு பெரிய கம்பெனி அவருக்கு ஒரு ஃப்ரிட்ஜை இலவசமாக இறக்கிவிட்டது. கண்ணாடிக் கதவு, உள்ளே லைட், மேலே அவர்கள் பெயர். நிபந்தனை ஒன்றுதான், உள்ளே அவர்கள் சரக்கு மட்டும். கரன்ட் பில் அண்ணாச்சி தலையில். சேல்ஸ்மேன் வாரா வாரம் கதவைத் திறந்து எண்ணிப் பார்ப்பார். அண்ணாச்சி பொவண்டோவை அடித்தட்டில் அவர்கள் பாட்டில்களுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். நான் போனால் கண்ணைக் காட்டுவார், நானே குனிந்து எடுத்துக்கொள்வேன். ஒருநாள் மாட்டிக்கொண்டார். ஃப்ரிட்ஜை எடுத்துவிடுவோம் என்று மிரட்டல். அப்புறம் பொவண்டோ தெர்மாகோல் பெட்டியில் ஐஸ்கட்டியோடு கிடந்தது. மத்தியானம் மூன்று மணிக்குப் போனால் வெந்நீர்.

"என்ன பண்ணச் சொல்ற தம்பி? கேக்குறது நீ ஒரு ஆளு. பெட்டி குடுத்தது அவன்" என்றார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

2017 மார்ச் முதல் தேதியிலிருந்து, ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூட்டில், வணிகர் சங்கங்கள் கோக், பெப்சியை விற்க மாட்டோம் என்று அறிவித்தபோது நிலைமை தலைகீழானது. அந்தக் கோடையில் எங்கள் பக்கம் பொவண்டோவுக்கு அடிதடி, அரை கேஸ் கொண்டுவந்தால் சாயங்காலத்துக்குள் காலி. சில மாதத்தில் எல்லாம் பழையபடி ஆனது. ஃப்ரிட்ஜ் அங்கேயேதானே இருந்தது!

கம்பெனி கை மாறினால் என்ன ஆகும் என்பதற்குச் சின்ன வயசிலேயே பாடம் இருக்கிறது. 1977இல் கோகோ கோலா நாட்டை விட்டுப் போனது, பார்லே நிறுவனம் தம்ஸ் அப் கொண்டுவந்தது. 1993இல் திரும்பி வந்த கோக், பார்லேயிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் வாங்கியது. தம்ஸ் அப் தப்பித்தது. என் உயிரான கோல்ட் ஸ்பாட் போயே போய்விட்டது, அந்த இடத்தில் ஃபேன்டா. பொவண்டோவின் காளிமார்க் கம்பெனி 1916இல் பழனியப்ப நாடார் விருதுநகரில் தொடங்கியது, இன்னும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. பொவண்டோ இன்றைக்கும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணக்கு.

பெங்களூரில் இருக்கும் என் மச்சான் பியர் பிரியர். சின்ன ஆலையில் காய்ச்சும் கிராஃப்ட் பியர் என்று கூடுதல் காசு கொடுத்துக் குடிப்பவர். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னால் சிரிக்கிறார். சிகாகோவின் கூஸ் ஐலண்ட் என்ற கிராஃப்ட் ஆலையை 2011இல் பெரிய கம்பெனியான பட்வைசர்காரர்களே வாங்கினார்களாம். லகுனிடாஸ் என்ற இன்னொரு ஆலையில் 2015இல் பாதியையும் 2017இல் மீதியையும் ஹைனெகன் என்ற பெரிய பியர் கம்பெனி எடுத்துக்கொண்டது. நம்மூர் கிங்ஃபிஷரின் யுனைடெட் புருவரீஸிலும் 2021 முதல் ஹைனெகன்தான் பெரும்பான்மைப் பங்குதாரர். அமெரிக்க சின்ன ஆலைகளின் சங்கமோ, வேறு மதுக் கம்பெனிக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால் அதைக் கிராஃப்ட் என்றே ஒத்துக்கொள்ளாது. "லேபிள் மாறாது மாப்ள, முதலாளிதான் மாறுவான்" என்கிறார். லேபிளாவது மிஞ்சியதே, எனக்குக் கோல்ட் ஸ்பாட்டில் அதுவும் இல்லை என்றேன்.

விலைக்கு வருவோம். 2023இல் ரிலையன்ஸ் பழைய கேம்பா கோலாவை மறுபடி இறக்கி, 200 மில்லி 10 ரூபாய் என்றது. அண்ணாச்சிக்கு லாபம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நானும் குடித்துப் பார்த்தேன், மோசமில்லை, ஆனால் ஞாபகத்தில் நிற்கவில்லை. எனக்குக் கவலை வேறு. இந்தப் பானங்களுக்கு 40 சதவீதம் ஜி.எஸ்.டி. சின்னக் கம்பெனியும் அதையேதான் கட்ட வேண்டும். பெரிய கையிருப்பு உள்ளவர் விலையைப் பிடித்து வைத்து இரண்டு வருஷம் உட்காரலாம். விருதுநகர், மதுரை, கோவைக்காரர்கள் அப்படி உட்கார முடியுமா?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை, சர்க்கரை, சர்க்கரை. கோலா வகைகளில் 200 மில்லிக்குச் சுமார் 20 கிராம் வரும், பொவண்டோவும் நாக்குக்கு ஒன்றும் இளைத்ததாகத் தெரியவில்லை. போன வருஷ ரத்தப் பரிசோதனை எல்லைக்கோட்டில் நின்றது. டாக்டர் முறைத்தார். இப்போது ஞாயிறு மட்டும், அதுவும் வீட்டுக்காரியோடு பாதிப் பாதி. அப்புறம், எல்லா அளவும் எல்லா நேரமும் கிடைக்காது. சில பாட்டில்களில் காஸ் இறங்கியிருக்கும்.

போன மாதம் அண்ணாச்சி மூர்மார்க்கெட் பக்கம் போய்ப் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கி வந்துவிட்டார். கதவு சரியாகச் சாத்தாது, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். மேல்தட்டு முழுக்கப் பொவண்டோ. கூலிங் சார்ஜ் என்று 2 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சில்லறையாகவே கொடுத்துவிட்டு, கதவைத் திறந்து நானே எடுத்துக்கொள்கிறேன், குனியாமல்.