மூன்று வருஷக் கோடாலி, இரண்டாவது காம்பு

கேம்பிங்குக்கும் தோட்டத்துக்கும் பொதுவாக ஒரு கோடாலி வேண்டும், உங்களுடையது எப்படி அண்ணே என்று கோலாலம்பூரிலிருந்து தம்பி கேட்டான். நேற்றுதான் அதற்குப் புதுக் காம்பு போட்டு முடித்தேன், கைக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை, அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

ஸ்வீடனில் அடித்த தலை, ஹிக்கரி மரக் காம்பு. பினாங்கின் பாலிக் புலாவில் மாமாவின் டுரியான் தோட்டத்தில் மூன்று வருஷமாக உழைக்கிறது. தலையில் ஒரு குறையும் இல்லை. காற்றில் முறிந்த ரம்புத்தான் கிளைக்குப் பாராங் வெட்டுக்கத்தியால் பத்து வெட்டு என்றால் இதற்கு நாலு போதும், சில்லு இரண்டு விரல் அகலத்துக்குத் தெறிக்கும். அரத்தால் நாலு இழுப்பு, அப்புறம் சாணைக்கல், முன்கை முடியை வழித்துவிடும்.

எரிச்சலெல்லாம் காம்பின் மேல்தான். ஹிக்கரி வட அமெரிக்க மரம், அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும், சரி. ஆனால் பினாங்கு ஈரத்தில் மரம் உப்பும், உப்ப இடமில்லாமல் இரும்புத் துளைக்குள் நார் நசுங்கும். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் இரண்டு நாள் கிடந்தால் காய்ந்து சுருங்கும், நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்பாது. தலை ஆட ஆரம்பிக்கும். ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறப் போடு என்றார் மாமா. காலையில் கல் மாதிரி இறுகி நின்றது, அடுத்த வாரம் முன்னைவிட மோசம், ஏனென்றால் இன்னும் கொஞ்சம் நார் நசுங்கியிருக்கும். போன மாதம் ஓங்கி வெட்டிவிட்டுப் பார்த்தால் தலை காம்பு முனைப்பக்கம் அரை அங்குலம் நகர்ந்திருக்கிறது. பக்கத்தில் மாமா மகன் நின்றிருந்தான். அன்றே நிறுத்திவிட்டேன்.

கடையில் வாங்கிய மாற்றுக் காம்பின் முனையைப் பார்த்தால் மரவரிகள் குறுக்கே ஓடின. வரி அலகு போகும் திசையிலேயே போக வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் முறியும், திருப்பிக் கொடுத்தேன். கடைசியில் நன்றாகக் காய்ந்த கொய்யாக் கட்டையை நானே செதுக்கி, ஆப்பு அடித்து, மேல்முனையில் ஆளிவிதை எண்ணெய் விட்டேன். விட விடக் குடித்துக்கொண்டே இருந்தது, மூன்று நாள்.

தம்பி, நீ இதை வாங்காதே. ஃபிஸ்கார்ஸ் கம்பெனிக் கோடாலி மாதிரி தலையோடு சேர்த்தே வார்த்த செயற்கைக் காம்பு உள்ளதை வாங்கு, கார் பின்பெட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். என்னுடையதை மட்டும் இரவல் கேட்காதே, சனிக்கிழமை மாமா தோட்டத்தில் சாய்ந்த மரம் ஒன்று கிடக்கிறது, வேறு கோடாலியை அதற்கு நான் எடுக்கப் போவதில்லை.