அறுபது வாட் வெயில்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு மூன்றாம் மாடியில். சமையலறை சன்னலைத் திறந்தால் எதிரே பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் சுவர். காலையில் இருபது நிமிடம் வெயில் சாய்வாக எட்டிப் பார்க்கும், அதோடு சரி. இங்கேதான் என் மனைவி கறிவேப்பிலை வளர்க்க ஆசைப்பட்டாள். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கினால் ஒரு கொத்து சும்மாவே போடுவார்களே என்று சொல்லிப் பார்த்தேன். "சும்மா குடுக்கிறது சாயங்காலத்துக்குள்ள வாடிப் போகுதுங்க" என்றாள். இரண்டு நாற்றுகள் அடுத்தடுத்து இலை உதிர்த்துக் குச்சியாகிப் போயின. தாழ்வாரத்தில் வைக்கலாம் என்றால் அங்கேயும் நிழல்தான். நடைவழியில் 1.2 மீட்டர் இடம் விட வேண்டும் என்ற விதி வேறு.

கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலியை இறக்கிப் பார்த்தேன். சன்னல் ஓரத்தில் நண்பகலில் 700 லக்ஸ். கீழே விளையாட்டுத் திடலில் வெயிலுக்கு நேரே பிடித்தால் 90,000ஐத் தாண்டியது. நம் கண்ணுக்கு இரண்டும் 'நல்ல வெளிச்சம்'தான், கண் அப்படிச் சரிக்கட்டிக்கொள்ளும். செடிக்கு அந்த வித்தை தெரியாது.

முதலில் எல்லாரையும் போல இணையக் கடை ஒன்றில் ஊதா விளக்கு வாங்கினேன். 39 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பெட்டியில் '1000 வாட்' என்று கொட்டை எழுத்து. மின்தூக்கிப் பராமரிப்பில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறவன் நான். 39 வெள்ளிக்கு வரும் விளக்கு 1000 வாட் இழுக்குமா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். வாட் மீட்டரில் செருகிப் பார்த்தேன்: 88. உள்ளே இருக்கும் எல்இடிச் சில்லுகள் ஒவ்வொன்றின் உச்சத் திறனையும் கூட்டிப் போட்டு எழுதிய கணக்கு அது. உள்ளே மின்விசிறி கரகரவென்று இரவெல்லாம் பாடியது. அதைவிடப் பெரிய தொல்லை, அந்த ஊதாவில் இலை கறுப்பாகத் தெரியும். மஞ்சள் தட்டுகிறதா, பூச்சி ஏறியிருக்கிறதா, ஒன்றும் புரியாது. போதாததற்கு எதிர் பிளாக்கிலிருந்து பார்த்தால் எங்கள் சமையலறை மட்டும் ராவெல்லாம் ஊதாவாக மின்னும். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) மின்தூக்கியில் பார்த்து, சிரித்துக்கொண்டே, "என்ன வளர்க்கிறாய்?" என்று கேட்டார். கஞ்சாவோ என்று சந்தேகம் வந்தால், இந்த ஊரில் அது சிரிக்கிற கேள்வி இல்லை. அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

செடிக்கு நீலமும் சிவப்பும் போதும் என்பதுதான் அந்த ஊதாவுக்குப் பின்னால் உள்ள நினைப்பு. பச்சையத்தைத் தனியே பிரித்து அளந்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 1972ல் கீத் மெக்கிரீ என்பவர் 22 வகைப் பயிர்களின் இலைகளையே வைத்து அளந்தபோது, பச்சை ஒளியையும் இலை நன்றாகவே பயன்படுத்துகிறது என்று தெரிந்தது. அதனால் வெள்ளை எல்இடியே போதும். கொஞ்சம் ஆழ்சிவப்பு, அதாவது 660 நானோமீட்டர், கலந்திருந்தால் இன்னும் நல்லது. இதைப் படித்த பிறகுதான் நாமே கட்டினால் என்ன என்று கை அரித்தது.

ஒரு சனிக்கிழமை சிம் லிம் டவருக்குப் போனேன். சிம் லிம் ஸ்குவேர் இல்லை. அது கணினிக்காரர்கள் இடம். டவர், ஜாலான் புசார் பக்கம். மின்தடை, ஒயர், கருவிப் பெட்டி என்று குவித்து வைத்த சின்னச் சின்னக் கடைகள். நான் போன கடையில் இருந்த அங்கிளுக்கு எழுபது வயது இருக்கும். என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார், சொன்னேன். நான் கையில் எடுத்திருந்த 48 வோல்ட் சாதாரண பவர் சப்ளையை வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தார். "எல்இடி போர்டுக்கு இது வேண்டாம்" என்று மீன்வெல் எச்எல்ஜி-60எச் டிரைவரை, அதாவது எல்இடிக்கென்றே செய்த பவர் சப்ளையை, காட்டினார். விலை 48 வெள்ளி. நான் வைத்திருந்ததைவிட இரண்டு மடங்கு.

அவர் சொன்னது சரிதான். எல்இடி சூடேறச் சூடேற அதற்குத் தேவைப்படும் வோல்ட் குறையும். வோல்ட்டை மட்டும் நிலையாகப் பிடித்து வைக்கும் சப்ளை என்றால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும், சூடு இன்னும் கூடும், கடைசியில் கருகும். இந்த டிரைவர் மின்னோட்டத்தைப் பிடித்து வைக்கிறது, 1.3 ஆம்பியருக்கு மேல் விடாது. 'ஏ' வகை வாங்கினால் ரப்பர் மூடிக்குள் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பி மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம். விசிறி கிடையாது, சத்தம் கிடையாது, ஈரம் புகாது. இந்த மொத்த வேலையில் நான் மனசாரப் பாராட்டும் பொருள் இது ஒன்றுதான். பத்து மாதமாக ஓடுகிறது. தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவே.

எல்இடிச் சில்லுகள் வரிசையாகப் பதித்த போர்டைத்தான் பேர் தெரியாத இணையக் கடையில் வாங்கி ஏமாந்தேன். 32 வெள்ளி. 'சாம்சங் எல்எம்301பி சில்லு' என்று போட்டிருந்தது. ஐந்தாவது வாரம் ஒரு வரிசை மினுக்கி அணைந்தது. சரி, ஒரு வரிசைதானே என்று விட முடியாது. டிரைவர் அதே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நான்கு வரிசை பங்கிட்டுக்கொண்டதை இப்போது மூன்று வரிசை சுமக்கும், அதனால் அவையும் சீக்கிரம் போகும். கடைக்காரருக்கு எழுதினால், படம் அனுப்பு, காணொளி அனுப்பு, இன்னொரு கோணத்தில் அனுப்பு என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் 5 வெள்ளிக் கழிவுச் சீட்டு கொடுத்தார்கள். இரண்டாவது போர்டை 38 வெள்ளிக்கு வேறு இடத்தில் வாங்கினேன். 4000 கெல்வின் வெள்ளை, இடையிடையே ஆழ்சிவப்புப் பொட்டுகள். இதுவரை தொந்தரவு இல்லை.

கட்டும் வேலை ஒரு மாலைப் பொழுதுதான். 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, அதன்மேல் வெப்பப் பசை தடவி போர்டு, மூலைக்கொரு திருகு. போர்டில் ஒயரைச் செருகினால் பிடித்துக்கொள்ளும் இணைப்பு இருந்ததால் சால்டர் தேவைப்படவில்லை. டிரைவர் வெறும் ஒயர் முனைகளோடுதான் வரும். பிளக் நாம்தான் மாட்ட வேண்டும். பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். 3 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட மூன்று முனை பிளக்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். அந்த அலுமினியத் தகட்டை எர்த் ஒயரோடு சேர்க்காமல் விடாதீர்கள். செடி என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் ஈரக் கை. இணைப்பை டேப் சுற்றி விடாமல் மூடிய பெட்டிக்குள் வையுங்கள். வீட்டு மின்பெட்டியில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளுக்கும் அது இப்போது கட்டாயம். சுவருக்குள் போகும் ஒயரை நான் தொடவில்லை. அது உரிமம் பெற்ற மின்பணியாளர் வேலை. பிளக் மாட்டியே பழக்கமில்லாதவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தயார் நிலையில் விற்கும் வெள்ளை எல்இடிக் குழல் இரண்டை, சிங்கப்பூர்ப் பாதுகாப்பு முத்திரை பார்த்து வாங்கினால் புதினாவுக்குத் தாராளம்.

விளைச்சலுக்கு வருகிறேன். திருகைக் குறைத்து, சுவரில் 45 வாட் இழுக்கும்படி வைத்திருக்கிறேன். போர்டிலிருந்து 45 சென்டிமீட்டர் கீழே, நடுவில் 13,000 லக்ஸ். ஓரத்துக்குப் போனால் பாதிகூட இல்லை. வெள்ளை எல்இடிக்கு லக்ஸை ஏறக்குறைய 65ஆல் வகுத்தால் செடிக்காரர்கள் பேசும் மைக்ரோமோல் கணக்கு, அதாவது ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு விழும் ஒளித்துகள்களின் கணக்கு, வரும்: சுமார் 200. காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை எரிந்தால் ஒரு நாளைக்கு 8.6 மோல். கீரைக்கு 12க்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள். அதனால் கங்கோங் கீரைத் தொட்டியை மட்டும் செங்கல் வைத்து உயர்த்தி விளக்குக்கு அருகே கொண்டுபோனேன். மூன்று வாரத்தில் முதல் அறுப்பு. புதினா சொல்லவே வேண்டாம், தொட்டியை விட்டு வெளியே ஓடுகிறது. துளசி நன்றாக இருக்கிறது. சில்லி பாடி என்ற சின்ன மிளகாய் நிறையப் பூத்தது. காற்றும் தேனீயும் இல்லாத சமையலறையில் பூவெல்லாம் கொட்டிப் போயிற்று. அப்புறம் நான் தினமும் காலையில் செடியை உலுக்கிவிட ஆரம்பித்தேன், ஏழு காய்.

கறிவேப்பிலை? அது வெயிலுக்குப் பிறந்த மரம், இந்த 8.6 அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. சாகவில்லை. இலை விடுகிறது, ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளி நீளம், வாசம் மட்டு. நடுவில் மாவுப்பூச்சி வேறு. மழையும் காற்றும் படாத இடத்தில் அது ஒருமுறை வந்தால் போகாது. சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியுமாக இரண்டு ஞாயிறு போயிற்று. திருகை முழுதாக ஏற்றலாம். ஏற்றினால் புதினாவின் இலை விளிம்பு வெளுக்கிறது. இரண்டையும் ஒரே விளக்கின் கீழ் வைத்தது என் தப்பு.

செலவு: டிரைவர் 48, இரண்டு போர்டு 70, தகடு 10, ஒயரும் பிளக்கும் 9, தொங்கவிடும் கயிறு 6, நேரக்கருவி 8. மொத்தம் 151 வெள்ளி. மின்சாரம் ஒரு யூனிட் 30 காசு என்று வைத்தால் மாதம் 5 வெள்ளிக்குச் சற்றுக் கீழே. மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 151 வெள்ளிக்கு எவ்வளவு கறிவேப்பிலை வரும் என்று மனைவி ஒருமுறை கணக்குப் போட ஆரம்பித்தாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

என் மதிப்பெண்: டிரைவருக்கு ஐந்துக்கு ஐந்து, சிம் லிம் டவர் அங்கிளுக்கும் அதே. முதல் போர்டுக்கு ஒன்று, அதுவும் ஐந்து வாரம் எரிந்ததற்காக. இரண்டாவதுக்கு நாலு. மனைவி விளக்குக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறாள். காரணம் செடி இல்லை. அந்த வெள்ளை வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்க கண்ணாடி வேண்டியிருக்கவில்லையாம். தையல் இயந்திரம் இப்போது புதினாத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கறிவேப்பிலையை மட்டும் தள்ளி வைத்திருக்கிறாள், கொசுவலைத் துணி அதில் மாட்டுகிறதாம்.