ஸ்டார்ம் ஃபேஸ் 2: ரெண்டு சீசன், நாலு விதமான லேன்

ஸ்டார்ம் கம்பெனியோட ஃபேஸ் 2, 15 பவுண்டு பௌலிங் பால். மிச்சிகன்ல நான் போற லீக்ல ரெண்டு சீசனா இதைத்தான் பேக்ல இருந்து முதல்ல எடுக்கிறேன், 150 கேம் தாண்டியிருக்கும். இந்த வருஷம் நம்ம ஆளுங்க நாலஞ்சு பேர் புதுசா லீக்ல சேர்ந்திருக்காங்க, வந்ததுல இருந்து கேக்கிறது ஒண்ணுதான், "இந்த பால் எவ்ளோ ஹூக் ஆகும், அதாவது எவ்ளோ வளையும்?" லேன்ல (பால் உருள்ற பாதையில) எந்த ஆயில் போட்டிருக்கான், அது மேல எத்தனை கேம் ஓடியாச்சு, நீங்க கடைசியா எப்போ பாலுக்கு பேட் போட்டீங்க (உப்புத்தாள் மாதிரி பேடால தோலைத் தேய்க்கிறது), இந்த மூணும் தெரியாம அதுக்கு பதிலே சொல்ல முடியாது. அதான் உக்காந்து எழுதறேன்.

கவர், அதாவது வெளித் தோல், சாலிட் ரியாக்டிவ் (லேனை நல்லா பிடிக்கிற ரகம்), பெட்டியில வரும்போது 3000 அப்ரலான் ஃபினிஷ் (தேய்ச்ச பேடோட நம்பர், நம்பர் குறைஞ்சா சொரசொரப்பு கூடும்), பாலிஷ் கிடையாது. உள்ள இருக்கிற எடைக்கட்டி வெலாசிட்டி கோர், ஆர்ஜி 2.48, இது கம்மி, டிஃபரன்ஷியல் 0.051, இது அதிகம். அதாவது சீக்கிரம் உருள ஆரம்பிக்கும், நல்லா ஃப்ளேரும் ஆகும். ஃப்ளேர்னா என்னன்னு பாக்கணும்னா ரிட்டர்ன்ல வந்த பாலை துடைக்காம லைட்டுக்கு நேரா ஒரு தடவை திருப்பிப் பாருங்க, ஆயில் வளையம் வளையமா, ஒண்ணுக்கு பக்கத்துல ஒண்ணு விரல் அகலம் தள்ளித் தள்ளி இருக்கும், ரெண்டு இடத்துல மட்டும் எல்லா வளையமும் ஒண்ணா வந்து சேரும். ஒவ்வொரு சுத்துக்கும் ஆயில் படாத புது தோல் லேனை தொடுதுன்னு அர்த்தம், அதனாலதான் கடைசி வரைக்கும் பிடிப்பு இருக்கு. நான் வலது கை, வேகம் 16 மைல் சுமாரு, ரெவ் ரேட் (பாலை சுத்தி விடற வேகம்) ரொம்ப அதிகம்னு சொல்ல முடியாது. உங்க கை வேற மாதிரின்னா கொஞ்சம் கூட்டிக் கழிச்சுக்கங்க.

முதல்ல ஹவுஸ் ஷாட், சென்டர்ல வழக்கமா போடற ஆயில் அமைப்பு. நடுவுல ஆயில் ரொம்ப, ரெண்டு ஓரத்துலயும் கம்மி, நீளம் 40 அடி பக்கம், நம்ம எல்லாரும் வாரா வாரம் ஆடறது இதுதான். ஃப்ரெஷ்ஷா இருக்கும்போது ரெண்டாவது ஆர்ரோ (லேன்ல குறி பாக்க இருக்கிற அம்புக்குறி) மேல போட்டா இந்த பால் 30 அடி தாண்டினதுமே லேசா பிடிக்க ஆரம்பிக்கிறது கண்ணுக்கே தெரியும், கடைசியில வெடுக்குன்னு திரும்பாது, வளைஞ்சு வந்து 17ஆவது போர்டு (லேனோட பலகை, எனக்கு வலது ஓரத்துல இருந்து எண்ணணும்) பக்கம் பாக்கெட்ல, அதாவது 1ஆவது பின்னுக்கும் 3ஆவது பின்னுக்கும் நடுவுல, அமுக்கி இறங்கும். வெளிய ரெண்டு போர்டு தப்பிப் போனாலும் திரும்பி வரும், உள்ள இழுத்துட்டாலும் ஆயில் தாங்கிப் பிடிச்சுக்கும். எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா ஒரே மாதிரி போட்டா ஒரே மாதிரி போகும், அதனால ஒரு பால் வேற மாதிரி போச்சுன்னா என் கை தப்பா லேன் மாறிடுச்சான்னு சந்தேகம் கம்மியா இருக்கும். இத்தனை பால் மாத்தி மாத்தி ஆடினதுல இந்த நம்பிக்கையை எனக்கு வேற எதுவும் குடுக்கல.

மூணாவது கேம்ல கதை மாறும். ஒரு ஜோடி லேன்ல பத்து பேர், பாதிப்பேர் ரியாக்டிவ், எல்லாரும் அதே ரெண்டாவது ஆர்ரோ. அந்த இடத்து ஆயிலை பால்களே குடிச்சிடும். அப்போ இது சீக்கிரமே பிடிச்சு, பின்கிட்ட வரும்போது சக்தி தீர்ந்து போய் வரும். ஸ்கோர் ஷீட்ல தெரியாது, பின்னைப் பாருங்க: பாக்கெட்ல கரெக்டா விழுந்த மாதிரியே இருக்கும், ஆனா 6ஆவது பின் சுவத்துல பட்டு துள்ளி வராம கட்டர்ல (லேன் ஓரக் குழியில) சோர்ந்து படுத்துக்கும், 10ஆவது பின் அப்படியே நிக்கும். ஒரு தடவைன்னா விடுங்க, ரெண்டு தடவை தொடர்ந்து அப்படி நின்னா நான் இடது பக்கம் நாலஞ்சு போர்டு தள்ளி நின்னு ஆயில் இருக்கிற இடத்துக்குள்ள ஆடுவேன், அதுவும் சரியா வரலன்னா இதை வச்சிட்டு ஸ்டார்மோட இன்னொரு பால் ஹை ரோடு எடுத்துடுவேன். அது 1500 கிரிட்ல பாலிஷ் போட்ட ஹைப்ரிட், ஆர்ஜியும் 2.57, காய்ஞ்ச இடத்தைத் தாண்டி நீளமா போய் அப்புறம்தான் திரும்பும். வேகத்தைக் கூட்டி ஃபேஸ் 2வையே தள்ளிப் பார்க்காதீங்க, தோள்பட்டைதான் வலிக்கும்.

ஸ்போர்ட் ஷாட்ல (போட்டிக்குப் போடற கஷ்டமான ஆயில் அமைப்பு) ஆயில் ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் கம்மி, தப்பினா மன்னிப்பு கிடையாது. அங்க ஒரு பழைய கணக்கு இருக்கு, ஆயில் நீளத்துல 31ஐ கழிச்சா பால் திரும்ப வேண்டிய போர்டு சுமாரா கிடைக்கும். பிபிஏ (அமெரிக்க தொழில்முறை பௌலர்கள் சங்கம்) ஷார்க்னு ஒரு ஆயில் பேட்டர்ன் 48 அடி, அப்போ 17ஆவது போர்டு, பாலை வெளிய விடவே கூடாது. இதுல ஃபேஸ் 2 சூப்பரா வேலை செஞ்சுது, ஆனா பெட்டி ஃபினிஷ்ல இல்ல, 2000 பேட் போட்டு இறக்கின பிறகுதான். 3000லயே ஆடின அன்னிக்கு முதல் அரை மணி நேரம் வழுக்கிக்கிட்டே போச்சு. அவங்களோட சீட்டா பேட்டர்ன் 35 அடி, அப்போ 4ஆவது போர்டு, கட்டர் ஓரமா ஆடணும், அங்க இந்த பால் வேண்டாம். ஆயில் முடிஞ்சதும் 25 அடி வெறும் லேன், ஓவரா திரும்பி ஹெட் பின்னுக்கு (முன்னாடி நிக்கிற 1ஆவது பின்) இடது பக்கம் ஓடிடும். யுரேத்தேன் பால் (இவ்ளோ வெடுக்குன்னு திரும்பாத ரகம்) இருந்தா அதை எடுங்க.

இங்க பக்கத்துல ஒரு பழைய சென்டர்ல இன்னும் மர லேன்தான், முன்பக்கம் மேப்பிள், நடுவுல பைன். வருஷக்கணக்கா பால் விழுந்து விழுந்து முன்பக்கம் தேய்ஞ்சு போயிருக்கு, கையை விட்டு இறங்கினதுமே பிடிக்க ஆரம்பிச்சிடுது. அங்க நாலு ஃப்ரேம்ல இதை பேக்ல வச்சிட்டேன்.

இப்போ முக்கியமான விஷயம். 70 கேம் பக்கம் வந்தப்போ பால் செத்துப் போன மாதிரி ஆச்சு, வளையவே மாட்டேங்குது. வேற பால் வாங்கிடலாம்னே நினைச்சேன். தோலுக்குள்ள ஊறின ஆயில்தான் காரணம். ஓட்டைகளை டேப் போட்டு அடைச்சு, கை பொறுக்கிற அளவு வெந்நீர்ல பாத்திரம் கழுவற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு இருபது நிமிஷம் வச்சேன், தண்ணி மேல ஆயில் படலமா மிதந்துச்சு. கொதிக்கிற தண்ணி வேண்டாம், பால் விரிசல் விடும். அப்புறம் ப்ரோ ஷாப்ல (பௌலிங் சாமான் கடை) 3000க்கு திரும்ப ரீசர்ஃபேஸ் பண்ணினதும், அதாவது தோலைத் தேய்ச்சு புதுப்பிச்சதும், பழைய பால் திரும்ப வந்துச்சு. இப்போ 12 கேமுக்கு ஒரு தடவை நானே லேசா பேட் போட்டுடறேன், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி காய்ஞ்ச மைக்ரோஃபைபர்ல துடைக்கிறேன். பேட் போடறதெல்லாம் லீக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும், நடுவுல சர்ஃபேஸை மாத்த ரூல்ல அனுமதி கிடையாது.

இன்னொண்ணு, முதல்ல துளை போட்ட கடையில கட்டைவிரல் ஓட்டையை பெருசா போட்டுட்டாங்க. ஒரு மாசம் பாலை இறுக்கிப் பிடிச்சே போட்டேன், சுத்தே வரல, நானும் பால் சரியில்லன்னு முடிவே கட்டிட்டேன். வேற கடையில கட்டைவிரல் ஓட்டைக்குள்ள வைக்கிற இன்சர்ட்டை மாத்தின அன்னிக்குத்தான் இது என்ன பால்னே தெரிஞ்சுது. வாங்கினதும் ஹூக்கைப் பாக்காதீங்க, கட்டைவிரல் இறுக்காம வழுக்கி வெளிய வருதான்னு பாருங்க.

வேகமா போடறவங்க, ஆயில் நிறைய இருக்கிற சென்டர்ல ஆடறவங்க தாராளமா வாங்கலாம். மெதுவா போட்டு நிறைய சுத்தறவங்க, காய்ஞ்ச லேன்ல ஆடறவங்க முதல் பாலா இதை வாங்காதீங்க, ஹை ரோடுல ஆரம்பிங்க. ஸ்பேருக்கு (மிச்சம் நிக்கிற பின்னை ரெண்டாவது பால்ல விழ வைக்க) எப்படியும் ஒரு பிளாஸ்டிக் பால் வேணும், 10ஆவது பின்னுக்கு நேரா போறதுக்கு இந்த பாலை நம்பாதீங்க.