டிரெய்லர் இழுக்க பிக்கப் வாங்கப் போகிறீர்களா? “டீசல்தான் சரி” என்பவரிடம் உஷார்

பழைய பிக்கப் விற்பவர்களிடம் ஒரே பல்லவி: “டிரெய்லர் இழுக்கணுமா? கண்ணை மூடிக்கிட்டு டீசல் எடுங்க.” அப்படி எடுத்த ஒருவரின் வண்டி இப்போது பட்டறை லிஃப்டில் நிற்கிறது. அதில் நடந்த ஏமாற்று வேலையைப் பிரித்து எழுதுகிறோம். இதே வேலையை வேறு வண்டிகளிலும் செய்கிறார்கள்.

அவருடைய டிரெய்லர் சரக்கோடு 3,200 கிலோ. மாதத்தில் ஓரிரு முறைதான் இழுப்பார். மற்ற நாட்களில் பத்து நிமிடத்தில் முடிந்துபோகிற ஓட்டம். விற்றவர் பிரோஷரை விரித்து, “6 டன் இழுக்கும்” என்று காட்டியிருக்கிறார். அது பொய்யில்லை. சொல்லாமல் விட்டதில்தான் சூது.

முதலில் எடைக் கணக்கு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் உட்காரும். 13 சதவீதம் என்றே வைத்தால் 416 கிலோ. நான்கு பேர் 300, பின்னால் கருவிப் பெட்டி, ஜெனரேட்டர், தண்ணீர் கேன் எல்லாம் 150, ஹிட்ச் 30. மொத்தம் 896. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு லேபிள் இருக்கும்: ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று. இந்த வண்டியில் அது 780. டிரெய்லரை மாட்டிய நிமிடமே 116 கிலோ அதிகம்.

ஏன் இவ்வளவு குறைவு? டீசல் இன்ஜின் கனம். அதற்கேற்ற ரேடியேட்டர், கியர்பாக்ஸ், புகை சுத்திகரிப்புச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து, பெரிய பிக்கப்களில் ஏறக்குறைய 300 கிலோவை விழுங்கிவிடும். வண்டியின் மொத்த எடை வரம்பு மட்டும் ஏறாமல் அப்படியே இருக்கும்போது அந்த 300 பேலோடில், அதாவது ஏற்றக்கூடிய எடையில்தான் கழியும். அதே மாடலின் பெட்ரோல் வண்டியில் லேபிள் எண் 1,000-க்கு மேல். அவருக்கு அதுவே தாராளம். கிரவுன் ரேஷியோ (அச்சிலுள்ள பல்சக்கர விகிதம்) 3.73 அல்லது 4.10 இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருந்தால் போதும், 3.31 போன்ற ரேஷியோ உள்ள பெட்ரோல் வண்டி ஏற்றத்தில் திணறும். இன்னொன்று: கம்பெனி போட்டது போக, பிறகு மாட்டிய பம்பர், மூடி, வின்ச் எல்லாம் லேபிள் எண்ணிலிருந்து கழிக்க வேண்டியவை. அதை யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது ஏமாற்று, இன்ஜின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் தெரிந்தது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஆனால் ‘கோடு (கணினி பதிந்துவைக்கும் கோளாறு எண்) அழித்த பிறகு ஓடிய தூரம்’ என்ற வரியில் 64 கிலோமீட்டர் என்று இருந்தது. வண்டி தன்னைத்தானே சரிபார்க்கும் ரெடினஸ் சோதனைகளில் பாதி முடியவே இல்லை. நிரந்தரக் கோடு பகுதியில் பி2463 உட்கார்ந்திருந்தது. புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் கரி அளவுக்கு மீறி அடைந்திருக்கிறது என்று அர்த்தம். சாதாரணக் கோடை ஸ்கேனரால் அழிக்கலாம், நிரந்தரக் கோடை அழிக்க முடியாது. கோளாறு சரியாகி, வண்டியே தன் சோதனையை ஓடி முடித்தால்தான் போகும். விற்பதற்கு முன் விளக்கை அணைத்தவர்களைக் காட்டிக்கொடுப்பது இந்த மூன்று இடங்கள்தான்.

டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, டீசல் வாடை வேறு. டிபிஎஃப் தன் கரியை எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அதற்காகப் பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகக் கூடுதல் டீசலைப் பீச்சும். ஓட்டம் நடுவிலேயே நின்றுவிட்டால் கரி எரியாது, பீச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்னும். முந்தைய உரிமையாளரும் குறுகிய ஓட்டம்தான் ஓட்டியிருக்கிறார். இப்போது வாங்கியவரும் அதே ஓட்டம். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடாத டீசலுக்கு இந்த நோய் திரும்பத் திரும்ப வரும்.

விளக்கை அணைக்காமல், டிபிஎஃப்-ஐயே குடைந்து எடுத்துவிட்டு இன்ஜின் கணினியை மாற்றி எழுதி விற்பவர்களும் உண்டு. பல நாடுகளில் சட்டவிரோதம். சோதனையில் மாட்டுவது வாங்கியவர்தான். இதற்கு ஸ்கேனர்கூட வேண்டாம். சைலன்சர் வாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். டிபிஎஃப் வேலை செய்தால் துணி ஏறக்குறைய சுத்தமாக வரும். கறுப்பாக மை அப்பினால், குடைந்தது அல்லது உடைந்தது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் கோளாறையும் வெள்ளைப் புகையையும் மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஓடிய கிலோமீட்டரை இன்ஜின் மணிநேரத்தால் வகுத்துப் பாருங்கள்: 1,50,000 கிலோமீட்டருக்கு 5,000 மணி என்றால் சராசரி வேகம் 30தான், நின்ற இடத்தில் நிறைய ஓடியிருக்கிறது. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். உலோக மினுமினுப்பு தெரிந்தால் உயர் அழுத்தப் பம்ப் தேய்கிறது. அது உடைந்தால் இன்ஜெக்டர்கள், ரெயில், குழாய்கள் வரை துகள் பரவி எல்லாம் மாற்ற வேண்டிவரும். பெட்ரோல் வண்டி என்றால் குளிர் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ சத்தம் வருகிறதா கேளுங்கள். சுமை இழுத்த வி8-களில் (எட்டு சிலிண்டர் இன்ஜின்கள்) இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட் உடைவது சகஜம்.

டீசலே வேண்டாம் என்று சொல்லவில்லை. 5 டன்னுக்கு மேல், வாராவாரம், மலை ஏறி இறங்குகிறவருக்கு டீசல்தான். உயரம் போகப் போக டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். இறக்கத்தில் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக், புகையை மடக்கி இன்ஜினாலேயே வேகத்தைக் குறைத்து, காலுக்கு ஓய்வு தரும்.

எடை விஷயத்தைக் கேட்டதும் விற்றவர், “பின்னாடி ஏர் பேக் போட்டுட்டா சரியாகிடும், நானே போட்டுத் தர்றேன்” என்றிருக்கிறார். இது மூன்றாவது ஏமாற்று. ஏர் பேக் வண்டியின் பின்பக்கத் தொங்கலை நிமிர்த்தும், அவ்வளவுதான். அச்சு, டயர், பிரேக், அடிச்சட்டம் எல்லாம் பழையதே. கதவில் 780 என்பது 780தான். பணம் கொடுக்குமுன், முடிந்தால் உங்கள் டிரெய்லரை மாட்டி, ஆட்களை ஏற்றி, எடை மேடையில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாக நிறுத்திச் சீட்டு வாங்குங்கள்.